சேற்றுப்புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? கம்பூட்ஸ் போட்டு வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்

முத்துநகர் செல்வம் | ஜூலை 4, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் இறால் உரிக்கும் பகுதியில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். தினம் ஒன்பது மணி நேரம் காலில் கம்பூட்ஸ். தரையில் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே போகும்போது குளோரின் தண்ணீர்த் தொட்டியில் பூட்ஸை முக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

இரண்டு வருடமாக இடது காலில் சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது. உள்ளே சிவந்து போய் எரிச்சல். பூட்ஸைக் கழற்றினால் வரும் நாற்றத்துக்குப் பயந்து வெளியில் யார் வீட்டுக்கும் போவதில்லை. மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டால் நாலைந்து நாளில் அடங்கிவிடும். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்து நிற்கும். இப்போது வலது காலிலும் ஆரம்பித்துவிட்டது. வேலையை விட முடியாது, வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இதை நிரந்தரமாக நிறுத்த வழி இருந்தால் சொல்லுங்கள்.


தஞ்சை வாசு | ஜூலை 4, இரவு 10:15

செல்வம் அண்ணா, எங்கள் பக்கம் இது வீட்டுக்கு வீடு உண்டு. மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் அம்மாவுக்கும் வந்துவிடும். காலை ஏழு மணிக்குச் சேற்றில் இறங்கினால் சாயங்காலம் வரைக்கும் கால் வெளியே வராது. கரையேறும்போது பாதம் வெந்த கிழங்கு மாதிரி வெளுத்திருக்கும். இரவில் மருதாணியை அரைத்து விரல் இடுக்கில் அப்பிக்கொண்டு படுப்பார். சில நாள் கடுக்காயைக் கல்லில் உரைத்து மஞ்சளோடு சேர்த்துப் போடுவார். நடவு முடிந்து பத்து நாளில் தானாக ஆறிவிடும். அடுத்து சம்பா நடவுக்குத்தான் திரும்ப வரும்.

மருதாணி போட்டுப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.


செவிலி மீனா | ஜூலை 4, இரவு 11:05

தம்பி செல்வம், நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 18 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். பதில் சொல்லும் முன் நாலு விஷயம் தெரிய வேண்டும். கம்பூட்ஸ் உங்களுடையதா, இல்லை கம்பெனி அலமாரியில் இருந்து சைஸ் பார்த்து எடுத்துக்கொள்வதா? கால் நகம் எதுவும் மஞ்சளாக, தடித்து, பொடிப்பொடியாக உதிர்கிறதா? தொடை இடுக்கில் வட்டமாக அரிப்பு உண்டா? மெடிக்கலில் வாங்கின ட்யூபின் பின்னால் என்னென்ன மருந்துப் பெயர் போட்டிருக்கிறது?

சர்க்கரை இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். வெட்கப்படாமல் எழுதுங்கள்.


முத்துநகர் செல்வம் | ஜூலை 5, காலை 6:10

அக்கா, பூட்ஸ் கம்பெனியுடையது. ஷிப்டு முடிந்ததும் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைப்போம். அடுத்த ஷிப்டு ஆள் அதையே எடுத்துப் போடுவார். 8 நம்பர் சைஸ் ஏழெட்டு ஜோடிதான் இருக்கிறது.

நகத்தைப் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் உற்றுப் பார்த்தேன். இடது கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளாக இருக்கிறது. எப்போதோ அடிபட்டதால் அப்படி ஆனது என்று நினைத்திருந்தேன். தொடையில் வலது பக்கம் லேசாக அரிப்பு உண்டு. சர்க்கரை போன வருடம் பார்த்தபோது இல்லை.

ட்யூபில் இருப்பது: க்ளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன்.


செவிலி மீனா | ஜூலை 5, பிற்பகல் 2:30

நினைத்தது சரியாகத்தான் இருக்கிறது தம்பி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சேற்றுப்புண் என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது பூஞ்சைத் தொற்று. நம் தோலின் மேல் அடுக்கிலும் நகத்திலும் முடியிலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதைத் தின்று வாழும் பூஞ்சைகள் இவை. படர்தாமரையை உண்டாக்குவதும் இதே குடும்பம்தான். காற்றுப் படுகிற காய்ந்த தோலில் இவற்றால் அவ்வளவாகப் பரவ முடியாது. வியர்வை ஊறிய, மூடிய, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் கொண்டாட்டம். நம் பாதத்தில் நாலாவது விரலும் சுண்டு விரலும்தான் ஒன்றோடு ஒன்று இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த இடுக்கில் ஆரம்பிக்கிறது. தோல் ஊறி வெடித்த பிறகு பாக்டீரியாவும் உள்ளே வரும். உங்களைச் சங்கடப்படுத்தும் நாற்றம் பெரும்பாலும் அதனால் வருவது.

இனி, ஏன் திரும்ப வருகிறது என்பதற்கு வருவோம். ஒன்று, பூட்ஸ். காலில் இருந்து உதிரும் தோல் செதில்களில் பூஞ்சையின் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குளோரின் தொட்டியில் முக்குவது பூட்ஸின் வெளிப்பக்கத்தைத்தான். கால் படுவதோ உள்பக்கம். ஏழெட்டு ஜோடியை எத்தனை பேர் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் காலை நீங்கள் சுத்தமாக ஆற்றிவிட்டாலும் மறுநாள் வேறொருவர் செதில்களின் மேல்தான் கால் வைக்கிறீர்கள்.

அடுத்தது அந்த நகம். அடிபட்ட நகம் பெரும்பாலும் அடியில் இருந்து வளர்ந்து போய்விடும், வருடக்கணக்கில் மஞ்சளாகத் தடித்து நிற்பது குறைவு. அது நகச் சொத்தையாக இருந்தால், அதுதான் உங்கள் காலில் இருக்கும் விதைக் கிடங்கு. இடுக்கில் என்ன களிம்பு போட்டாலும் நகத்துக்குள் இருப்பது போகாது. அங்கிருந்து திரும்ப இறங்கி வரும்.

கடைசியாக அந்த ட்யூப். இதைப் பற்றி எழுத எனக்குக் கோபம் வருகிறது. நம் மருந்துக் கடை நண்பர் ஒருவர் இங்கே இருக்கிறாரே, அவரே சொல்லட்டும்.


மருந்துப்பெட்டி | ஜூலை 5, மாலை 5:50

மீனா அக்கா அழைத்ததால் எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், 11 வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன்.

செல்வம், நீங்கள் சொன்ன நாலு மருந்தில் பூஞ்சையைக் கொல்வது டெர்பினஃபைன் மட்டும்தான். ஆஃப்லாக்சசின் பாக்டீரியாவுக்கு. ஆர்னிடசோல் வேறு வகைக் கிருமிகளுக்கு, பூஞ்சைக்கு அது வேண்டியதே இல்லை. க்ளோபெட்டசால் என்பது ஸ்டீராய்டு. தோலில் போடும் ஸ்டீராய்டுகளில் வீரியம் மிக அதிகமான வகை அது. நாலைந்து நாளில் அடங்கியதே, அது பெரும்பாலும் இதன் வேலை. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உங்கள் உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. எதிர்ப்பு இல்லாததால் பூஞ்சை அடியில் நிதானமாகப் பரவுகிறது. தடவுவதை நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நீங்களும் திரும்ப அதே ட்யூபை வாங்க வருகிறீர்கள். தொடை இடுக்கில் இதை மாதக்கணக்கில் போட்டவர்களுக்குத் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தத் தழும்பு போகாது.

வீரியமான ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018-இல் அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் ‘அரிப்புக்கு ஏதாவது குடுங்க’ என்று கேட்டால் எடுத்து நீட்டும் கடைகள் உண்டு. என் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், இதைச் செய்யாதீர்கள்.

வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். ட்யூபில் எழுதியிருக்கும் பெயர்களில் க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ‘சால்’, ‘சோன்’ முடிவோடு ஏதாவது இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘சோல்’ என்று முடியும் க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், லூலிகோனசோல் எல்லாம் பூஞ்சை மருந்துகள். பெயர் ஒலிப்பது ஒரே மாதிரி இருப்பதால்தான் ஏமாந்து போகிறோம்.


இயற்கை வழி ராஜன் | ஜூலை 5, இரவு 8:20

எல்லோரும் மருந்து மருந்து என்கிறீர்கள். உடல் சூடும் ரத்தம் கெடுவதும்தான் மூலம். வாரம் இரண்டு முறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் சூடு தணியும். வெளியே வேப்பிலை மஞ்சள் போதும். நம் முன்னோருக்கு ஏது ட்யூப்? அவர்களுக்கு இந்த நோய் இவ்வளவு இருந்ததில்லையே.


கொழும்பு நிலா | ஜூலை 5, இரவு 9:45

ராஜன் ஐயா, முன்னோருக்கு இவ்வளவு இருக்கேல்லை என்று நீங்கள் சொன்னது ஒரு வகையில் சரி. ஆனால் காரணம் வேறு. எங்கட ஊரோடு தொடர்புள்ள கதை என்றபடியால் சொல்லுறன்.

கால் பூஞ்சைகளில் உலகம் முழுக்க அதிகமாகக் காணப்படுவது டிரைக்கோபைட்டன் ரூப்ரம். அதை 1910-இல் விவரித்து எழுதியவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். அந்த நேரம் அவர் கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தார். 1903 முதல் 1915 வரை இங்கேதான் இருந்தார். இந்தப் பூஞ்சைக்குப் பூர்வீகம் தென்கிழக்காசியாவும் அதைச் சுற்றிய வெப்ப நாடுகளும் என்பதே ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் கருத்து. இங்குள்ள சனங்கள் வெறுங்காலோடு திரிந்ததால் அது உடம்பில் படையாக வந்ததே தவிர காலில் பெரிதாக வரவில்லை. பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்த வெள்ளைக்காரருக்குத்தான் காலில் பிடித்தது. முதலாம் உலகப் போரில் ராணுவத்தோடு சேர்ந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது.

அதாவது பூஞ்சை எங்கட பக்கத்தது, கால் நோயாக அதை மாற்றியது சப்பாத்து. இப்போது நாங்களும் காலையில் இருந்து இரவு வரைக்கும் சப்பாத்துக்குள் இருக்கிறோம்.

விரல் இடுக்குக்குப் பூசுகிற காஸ்டெல்லானி பெயின்ட் என்ற கடும் சிவப்பு மருந்தும் அவர் பெயரால் வந்ததுதான். என்னுடைய அப்பாவின் காலில் அந்தச் சிவப்பு பார்த்தே வளர்ந்தேன்.


செவிலி மீனா | ஜூலை 6, காலை 7:15

நிலா, அருமையான தகவல். இருபது வருடத்துக்கு முன் பயிற்சியில் அந்தச் சிவப்பு மருந்தை நானும் தொட்டிருக்கிறேன், யார் பெயர் என்று தெரியாது.

ராஜன் ஐயா, எண்ணெய்க் குளியல் உடம்புக்கு இதம்தான், நானும் குளிக்கிறேன். ஆனால் இடுக்கில் எண்ணெய் தங்கி ஈரம் காயாமல் போனால் புண் அதிகமாகும். உடல் சூட்டால் வருவதாக இருந்தால் பூட்ஸ் போடாத உங்கள் கையிலும் முதலில் வந்திருக்க வேண்டும் அல்லவா?

வாசு தம்பி, மருதாணியை நான் தள்ளவில்லை. அதில் இருக்கும் லாசோன் என்ற பொருள் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சை வளர்ச்சியைத் தடுப்பது உண்மை. அதன் துவர்ப்பு தோலையும் கொஞ்சம் இறுக்கிக் காய வைக்கும். கடுக்காயும் அப்படித்தான். புண்ணாகாத நிலையில், செடியில் பறித்து அரைத்ததைப் போடலாம். கடையில் விற்கும் ‘கருப்பு மருதாணி’ கோன் கூடவே கூடாது. அதில் கலக்கும் பிபிடி என்ற சாயம் சிலருக்குத் தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும். மண்ணெண்ணெய், பேட்டரி தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் நான் கட்டுப் போட்டிருக்கிறேன், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் அம்மாவுக்கு நடவு முடிந்து பத்து நாளில் தானாக ஆறுகிறது என்றீர்கள். அதுவும் செல்வத்துக்கு இருப்பதும் ஒன்று இல்லை என்று நினைக்கிறேன். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறினால் தோல் தன் வலுவை இழந்து தானே வெடிக்கும். அதன் மேல் கேண்டிடா என்ற ஈஸ்ட், பாக்டீரியா எல்லாம் சேரும். உரமும் களைக்கொல்லியும் கலந்த தண்ணீர் என்றால் எரிச்சல் கூடும். கால் காய்ந்ததும் ஆறிவிடுகிறது. செல்வத்துக்கு ஊறலோடு பூஞ்சையும் குடியேறிவிட்டது, லீவு நாளிலும் அது அங்கேயே இருக்கிறது. இரண்டையும் நாம் சேற்றுப்புண் என்றே சொல்வதால் ஒருவருக்குக் கேட்ட வைத்தியம் இன்னொருவருக்குக் கேட்பதில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள்: சேற்றில் இறங்கும் முன் விரல் இடுக்கில் விளக்கெண்ணெயோ வாசலினோ தடவினால் தண்ணீர் ஊறுவது குறையும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு இடுக்கிலும் துணியை நுழைத்து ஒற்றி எடுக்க வேண்டும். திறந்த புண்ணோடு வயலில் நிற்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி அந்த வெடிப்பு வழியாக எளிதாக உள்ளே போகும். நடவு நேரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் சதை வலியும் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.


தஞ்சை வாசு | ஜூலை 6, காலை 8:00

இரண்டும் வேறு என்பது இத்தனை வருடத்தில் எனக்கு இன்றுதான் தெரிகிறது அக்கா. போன வருடம் பக்கத்துத் தெருவில் ஒருவர் எலிக்காய்ச்சலில் படுத்தார். அவருக்கும் காலில் புண் இருந்தது. அம்மாவிடம் இன்றே சொல்கிறேன்.


சிங்கை கணேசன் | ஜூலை 6, இரவு 10:30

சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒரு அறையில் பன்னிரண்டு பேர் தங்கியிருக்கிறோம், குளியலறை பொது. சேஃப்டி பூட்ஸ் காலையில் ஆறு மணிக்குப் போட்டால் இரவு ஏழு மணிக்குத்தான் கழற்றுவது. வந்த முதல் வருடம் எனக்கு விரல் இடுக்கு மட்டுமில்லை, உள்ளங்கால் முழுக்க மாவு தூவின மாதிரி வறண்டு உரிந்தது. அரிப்பே இல்லாததால் வெறும் வறட்சி என்று நினைத்து ஆறு மாதம் தேங்காய் எண்ணெய் தடவினேன். டாக்டர் பார்த்துவிட்டு இதுவும் அதே பூஞ்சைதான், உள்ளங்கால் வகை என்றார். வலது உள்ளங்கையும் அதே மாதிரி உரிந்தது. காலைச் சொறியும் கை அது என்றும் அவர்தான் சொன்னார்.

குணமான பிறகு நான் விடாமல் செய்வது இதுதான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சாக்ஸை மாற்றுவேன். கால் பத்து நிமிடம் காற்றில் இருக்கும். இரவு பூட்ஸின் உள் அட்டையை வெளியே உருவி வைத்து, பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணிப்பேன். மழை மாதத்தில் ஒரு ராத்திரியில் எவ்வளவு திணித்தாலும் காயாது என்று தெரிந்துகொண்டு இரண்டாவது ஜோடி வாங்கினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போடுகிறேன். அந்த இரண்டாவது ஜோடி வாங்கின பிறகுதான் எனக்கு நின்றது. குளியலறைக்குத் தனிச் செருப்பு, நகவெட்டியும் என்னுடையது மட்டும்.

செல்வம் அண்ணே, சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். கம்பெனி கொடுக்கவில்லை என்றாலும் பரவாயில்லை.


அமுதா ஈரோடு | ஜூலை 7, பிற்பகல் 3:10

என் பையனுக்கு 7 வயது. பள்ளிக்கூட ஷூ போட்டுப் போட்டு இரண்டு உள்ளங்காலின் முன்பகுதியும் பளபளவென்று சிவந்து வெடிக்கிறது. விரல் இடுக்கு நன்றாக இருக்கிறது. இதுவும் சேற்றுப்புண்தானா?


செவிலி மீனா | ஜூலை 7, மாலை 6:40

அமுதா, சின்னப் பிள்ளைகளுக்குக் கால் பூஞ்சை அவ்வளவாக வராது. இடுக்கு நன்றாக இருந்து, முன்பாதம் மட்டும் பளபளத்து வெடித்தால் வியர்வையும் ஷூ உரசலும் சேர்ந்து வரும் வேறு வகைத் தோல் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சைக் களிம்பு போட்டுக் காலத்தைக் கழிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கும் இதே விதிதான். உள்ளங்காலில் ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகளும் கடும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியா. ரப்பர் செருப்பின் வார் படும் இடம் மட்டும் அரித்தால் ஒவ்வாமை. காளாஞ்சகப்படையும் (சொரியாசிஸ்) உள்ளங்காலில் வரும். சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். வலிக்காத, எளிய பரிசோதனை. மெடிக்கல் ட்யூப் தடவிக்கொண்டே போனால் சில நேரம் அகப்படாது, அதனால் டாக்டரிடம் என்ன தடவினீர்கள் என்பதை மறைக்காதீர்கள்.


வைகைக்கரை பாண்டி | ஜூலை 8, இரவு 9:25

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பாவுக்கு 16 வருடமாகச் சர்க்கரை. காவலாளி வேலை, இரவெல்லாம் ஷூ. போன ஐப்பசி மழையில் ஷூ நனைந்து நனைந்து விரல் இடுக்கில் புண் வந்திருக்கிறது. அவருக்குக் காலில் உணர்ச்சி குறைவு. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் குளிர் காய்ச்சல், தொடையில் நெறி கட்டிவிட்டது. முழங்கால் வரைக்கும் சிவந்து சூடாக வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் ஊசி போட்டார்கள். ‘விரல் இடுக்கில் இருந்த அரை அங்குல வெடிப்புதான் வாசல்’ என்று டாக்டர் காட்டினார். நாங்கள் காய்ச்சலுக்கு முதல் இரண்டு நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது தினமும் இரவு நானோ தங்கையோ அப்பாவின் காலை மடியில் வைத்து டார்ச் அடித்து ஒவ்வொரு இடுக்காகப் பார்க்கிறோம். ஆரம்பத்தில் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார். இப்போது அவரே நீட்டுகிறார்.


செவிலி மீனா | ஜூலை 9, காலை 6:50

பாண்டி தம்பி, நீங்கள் எழுதியதை எங்கள் நிலையத்தில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன்.

சர்க்கரைக்காரர்களுக்கு அடுத்தபடியாக எனக்குப் பயம் யானைக்கால் உள்ளவர்களைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, வீங்கிய காலோடு முப்பது வருடம் வாழ்ந்தவர். மாதம் ஒரு முறை குளிர் காய்ச்சல் வரும், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கும். எல்லோரும் அதை யானைக்கால் காய்ச்சல் என்றே விட்டிருந்தார்கள். விரலைப் பிரித்துப் பார்த்தால் எல்லா இடுக்கிலும் சேற்றுப்புண். கிருமி உள்ளே போகும் வழியே அதுதான். அரசு கொடுக்கும் பேசின், மக், சோப்பு, துண்டு, களிம்பு வைத்துத் தினமும் கழுவவும் துடைக்கவும் அவருக்குப் பழக்கினோம். அடுத்த வருடம் முழுக்க அவருக்கு ஒரே ஒரு முறைதான் காய்ச்சல் வந்தது. கால் சிறுக்கவில்லை, ஆனால் மேற்கொண்டு பெருக்கவும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போய்வந்தேன் என்று ஒரு நாள் வந்து சொன்னார். விரல் இடுக்கைத் துடைப்பதைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால் அந்த அம்மாவால்தான்.

செல்வம், உங்களுக்கு வருகிறேன். அந்த ட்யூபை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் நகத்தையும் தொடையையும் சேர்த்துக் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. அதுவரை செய்ய வேண்டியது: இடுக்கு நீர் விட்டு ஊறியிருப்பதால் ஒரு பேசின் தண்ணீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒன்றிரண்டு துகள் போட்டு, வெளிர் ரோஜா நிறம் வரும் அளவுக்குக் கரைத்து, பத்து நிமிடம் காலை வையுங்கள். நிறம் அடர்ந்தால் தோல் வெந்துவிடும், கவனம். பிறகு நன்றாகத் துடைத்து, மின்விசிறிக்கு முன் காட்டிக் காய வைத்து, ஸ்டீராய்டு இல்லாத வெறும் க்ளோட்ரிமசோல் களிம்பை இரண்டு காலுக்கும் காலையும் இரவும் போடுங்கள். புண்ணின் மேல் மட்டும் வைக்காமல் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத் தடவ வேண்டும். நான்கு வாரம். அரிப்பு ஐந்தாம் நாளே நின்றுவிடும், அங்கேதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். கண்ணுக்குச் சரியான பிறகும் குறைந்தது இரண்டு வாரம் போட வேண்டும்.

துண்டு இரண்டு வேண்டும், காலுக்குத் தனி. உடுத்தும்போது முதலில் சாக்ஸ், அப்புறம்தான் ஜட்டி. காலை நுழைக்கும்போது பூஞ்சை துணியில் ஒட்டித் தொடைக்கு ஏறுவது அப்படித்தான். சாக்ஸை வெந்நீரில் ஊற வைத்துத் துவைத்து, திருப்பிப் போட்டு வெயிலில் காய வையுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசினால் வித்து சாகாது.


மருந்துப்பெட்டி | ஜூலை 9, பிற்பகல் 1:15

மீனா அக்கா சொன்னதோடு ஒன்று. முன்பெல்லாம் இரண்டு வாரத்தில் கேட்ட படர்தாமரை இப்போது இரண்டு மாதமானாலும் கேட்பதில்லை என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டெர்பினஃபைனுக்கே அடங்காத ஒரு வகை நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020-இல் அதற்கு டிரைக்கோபைட்டன் இன்டோடினியே என்று பெயர் வைத்தார்கள், நம் நாட்டின் பெயரே அதில் ஏறிவிட்டது. அது பெரும்பாலும் தொடை, இடுப்பு, முகம் என்று உடம்பில்தான் வருகிறது. செல்வத்துக்குத் தொடையிலும் இருப்பதால் சொல்கிறேன். வீட்டில் மனைவி பிள்ளைகளுக்கும் அரிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்தியம் எடுக்க வேண்டும்.


முத்துநகர் செல்வம் | ஆகஸ்ட் 30, இரவு 8:50

அக்கா, நண்பர்களே, இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஜூலை இரண்டாம் வாரம் தோல் மருத்துவரிடம் போனேன். நகத்தையும் செதிலையும் சுரண்டிப் பார்த்தார்கள், இரண்டிலும் பூஞ்சை. ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனை எடுத்துவிட்டு 12 வாரத்துக்கு மாத்திரை எழுதினார். நகம் முழுக்க மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அவசரப்படாதே என்றார். களிம்பை ஐந்து வாரம் போட்டேன். வீட்டில் மனைவிக்கு இடுப்பில் ஒரு படை இருந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து மருந்து நடக்கிறது.

பூட்ஸ் விஷயத்தில் மேனேஜரிடம் நேராகப் போய் நின்றேன். முதலில் சொந்தமாக வாங்கிக்கொள் என்றார். பகுதியில் இருக்கும் எத்தனை பேருக்கு இடுக்கில் புண் என்று நானே கேட்டு எழுதி வைத்திருந்தேன். 38 பேரில் 14 பேர். பெண்கள் பலர் சொல்லவே கூச்சப்பட்டார்கள், என் கதையைச் சொன்ன பிறகுதான் காலைக் காட்டினார்கள். அந்தத் தாளைக் கொடுத்ததும் மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆளுக்கு ஒரு ஜோடி வந்தது. பெயின்டால் நம்பர் போட்டு வைத்திருக்கிறோம். என்னுடையது 22. கழுவின பிறகு கவிழ்த்து அடுக்காமல் கம்பியில் தனித்தனியாக மாட்டி, உள்ளே காற்றுப் போகும்படி விடுகிறோம். இரண்டாவது ஜோடி கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் கணேசன் தம்பி சொன்ன மாதிரி பேப்பர் திணித்து வைக்கிறேன், மதியம் சாக்ஸ் மாற்றுகிறேன்.

இடுக்கு இரண்டு காலிலும் மூடிவிட்டது. நாற்றம் இல்லை. போன ஞாயிறு மச்சான் வீட்டுக்குப் போய் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன். கட்டைவிரல் நகத்தின் அடியில் ஒரு நெல் அகலத்துக்கு நல்ல நகம் முளைத்திருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் அக்கா. அந்த நல்ல நகத்துக்கும் பழைய மஞ்சள் நகத்துக்கும் நடுவில் கோடு மாதிரி தெரிகிறது. வெட்டி எடுக்கலாமா?


செவிலி மீனா | ஆகஸ்ட் 31, காலை 6:30

வெட்ட வேண்டாம் தம்பி, அந்தக் கோடு நல்ல அறிகுறி. நுனியில் உதிர்வதை மட்டும் நேராக வெட்டுங்கள், அடியில் தோண்டாதீர்கள். அந்த நகவெட்டியைப் பிள்ளைகள் தொட வேண்டாம். மாத்திரை முடியும் வரை டாக்டர் சொன்ன தேதியில் கல்லீரல் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். ஐப்பசி மழை வேறு வருகிறது, இரண்டாவது ஜோடியை விடாமல் கேளுங்கள்.

அந்த 14 பேரில் சர்க்கரை உள்ளவர்கள் யார் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.